எஸ்தர் அக்காவுக்கு ஐந்துக்கு ஐந்து

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து மழை. சத்தமே இல்லாமல் விடாமல் பெய்கிற புனே மழை. வீட்டில் உருப்படியான குடை ஒன்றுதான். அக்காவும் நானும் அதற்குள் ஒட்டிக்கொண்டு ஆலயத்துக்கு. ஆளுக்கு ஒரு தோள் நனைந்தது.

ஆராதனை முடிந்து அறிவிப்புகள். மாதர் ஐக்கியச் செயலாளர் ஜெயமணியக்கா கையில் மைக் போனால் திரும்பி வராது. இன்றைய விஷயம்: வயதானவர்களின் ஞாபகசக்தி பற்றி ஏதோ ஆராய்ச்சி. அறுபதைத் தாண்டிய தமிழ் ஆட்கள் வேண்டுமாம். செவ்வாய், வியாழன், ஆலய ஹாலில்.

அப்புறம் ஆராய்ச்சிக்காரப் பெண்ணே எழுந்து பேசினாள். பெயர் வித்யா. முப்பது இருக்கும். புனேயிலேயே ஔந்த் பகுதியில் வளர்ந்தவள், அப்பா பேங்கில் இருந்தவராம். தமிழ் பேசுகிறாள், ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு இடத்தில் வண்டி நின்று நின்று போகிறது.

"இதுவரைக்கும் நாங்க பாத்தவங்க எல்லாம் மராட்டிக்காரங்க, காலேஜ் படிச்சவங்க. உங்கள மாதிரி லோக்... ஆளுங்க எங்க டேட்டால இல்லவே இல்ல. மத்லப்... அதாவது, உங்களுக்கு மறதி வந்தா, அது வியாதியா, இல்ல சாதாரணமான்னு அளக்க எங்ககிட்ட அளவே இல்ல."

"உங்கள மாதிரி" என்றதும் பின்வரிசையில் சலசலப்பு. பாவம், அவளுக்குத் தெரியாது. முன்பு ஒரு தடவை யாரோ வந்து இதே ஹாலில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை பற்றிய ஆராய்ச்சி என்றார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். முடிவு என்னவென்று ஒருவருக்கும் சொல்லவில்லை. ஜெயமணியக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

பெயர் கொடுத்தேன். அக்கா பெயரையும். ஏன் என்று இங்கே எழுதலாம், இதை யார் பார்க்கப்போகிறார்கள்.

- பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகிறாள். போன மாதம் பாத்திரமே கருகிவிட்டது.
- சாம்பாரில் ஒருநாள் உப்பு இல்லை. மறுநாள் உப்பு மட்டும்தான் இருந்தது.
- மளிகைக் கடைக்குப் போனவள் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாள். கேட்டால் "சும்மாதான்".
- அத்தான் பெயரை மறந்தாளா என்று கண்டுபிடிக்க வழியில்லை. உயிரோடு இருந்தபோதே "அவங்க"தான், இப்போதும் "அவங்க"தான்.

டாக்டரிடம் போகலாம் என்றால் "எனக்கென்னட்டி கேடு?" ராணுவ ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் நர்ஸாக இருந்தவள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றே பழக்கம். என் வாயால் அவளிடம் எதையும் சொல்ல முடியவில்லை. இந்தப் பரீட்சை சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் ரசம், அப்பளம். வேலைக்காரி வரவில்லை.


ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. இன்று முதல் அணி. ஜெயமணியக்கா, நான், இன்னும் சிலர். அக்காவுக்கு வியாழன்.

வித்யாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கேள்விகளை மராட்டி எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறாள். யார் மொழிபெயர்த்துக் கொடுத்தார்களோ, "தற்போது நிலவும் பருவகாலம் யாது?" என்று கேட்கிறாள். பள்ளிக்கூட ஆபீசில் காலம் தள்ளியவள் நான், எனக்கே புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஜன்னலைக் காட்டினேன். மழை பெய்துகொண்டிருந்தது.

அப்புறம் ஐந்து சொற்கள். கதவு, மாம்பழம், சட்டை, கிணறு, மணி. கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் வேறு என்னென்னவோ கணக்கு, படம். கடைசியில் மறுபடி அந்த ஐந்தையும் கேட்பாள். எனக்குச் சட்டை வரவில்லை. எத்தனை வாங்கினால் நல்லது என்றேன். "ஸ்கோர் சொல்லக் கூடாது ஆன்ட்டி."

ஒன்று மட்டும் சொன்னாள். மதிப்பெண் குறைவாக வந்தால் பெரிய டாக்டரிடம் அனுப்புவார்கள். ஸ்கேன், மருந்து எல்லாம் அவர்கள் செலவு. நன்றாக இருந்தால் அடுத்த வருஷம்தான் மறுபடி பார்ப்பார்கள். அக்காவுக்கு எது வர வேண்டும் என்று நான் ஜெபிப்பது?

ஜெயமணியக்கா வெளியே வந்தபோது முகம் சுண்டிப் போயிருந்தது. "ரெண்டுதான் வந்துச்சு ஹெலன்" என்று காதில் சொன்னார். வருஷா வருஷம் மனப்பாட வசனப் போட்டி நடத்துகிறவர். தப்பாகச் சொன்ன சின்னப் பிள்ளைகளை நிற்க வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பவர். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.


ஜூலை 9, புதன்

பல் டாக்டர். வாய் பாதி மரத்துப்போய் வீட்டுக்கு. உபவாச ஜெபத்துக்கு அக்கா மட்டும், ஜெயமணியக்காவோடு ஆட்டோவில். நல்ல மனநிலையில் திரும்பினாள். என்ன ஜெபம் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்தான்" என்றாள்.


ஜூலை 10, வியாழன்

அக்காவுக்கு இன்று. நீலப் புடவை, பவுடர், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை போலக் கைக்குட்டை. ஹாலுக்கு வெளியே பெஞ்சில் நான்.

முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"அஞ்சையும் சொல்லிட்டேம்ட்டி."

"அஞ்சுமா?"

"கதவு, மாம்பழம், சட்டை, கிணறு, மணி. போதுமா?"

எனக்கே வராத சட்டை அவளுக்கு வந்துவிட்டது! பேக்கரியில் நிறுத்தி பிஸ்கட் வாங்கினேன், அவளுக்குப் பிடித்த வெண்ணெய் பிஸ்கட். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். நான்தான் கண்டதையும் நினைத்து மனதைக் குழப்பிக்கொண்டேன். உப்பை யார்தான் மறக்கவில்லை. தோத்திரம் ஆண்டவரே.


ஜூலை 12, சனி

வெயில், கொஞ்சம். துணியெல்லாம் மாடியில்.

அக்கா வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாயில் பாட்டு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழைய கீர்த்தனை மெட்டு. நான் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே கூட முணுமுணுத்தேன். பிறகுதான் வார்த்தைகள் காதில் விழுந்தன.

கதவு மாம்பழம், சட்டை கிணறு, மணி, மணி, மணி.

கத்தியை வைத்துவிட்டேன்.

"என்னக்கா பாட்டு இது?"

"ஜெயமணி சொல்லிக்குடுத்தா. புதன்கிழமை எல்லாரும் படிச்சோம். நல்லா இருக்கில்ல?"

கள்ளமே இல்லாமல் சொன்னாள். ஜெயமணியக்கா செவ்வாய் வந்த மற்றவர்களிடம் கேட்டு ஐந்தையும் சேர்த்து, வியாழன் பரீட்சை எழுதுகிற எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, ஜெபத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வசனம் மனதில் நிற்க மெட்டில் போடுவது நாங்கள் குழந்தையிலிருந்து செய்கிற வேலைதான். அது அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

காலையில் என்ன சாப்பிட்டோம் என்று அக்காவிடம் கேட்டேன். கீரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இட்லியா?" உப்புமா. ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை.

வியாழன் வந்த அத்தனை பேரும் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பார்கள். இந்நேரம் வித்யா, புனேயிலேயே கூர்மையான மூளை எங்கள் ஆலயக் கிழவிகளுக்குத்தான் என்று எழுதிக்கொண்டிருப்பாள். எங்களுக்கென்று இல்லாத அளவை இப்படித்தான் செய்யப்போகிறார்கள். அவர்கள் கணக்கில் அக்கா அடுத்த வருஷம் வரைக்கும் நன்றாக இருக்கிறவள். அடுத்த வருஷம் எப்படி இருப்பாளோ.


ஜூலை 13, ஞாயிறு

மழை. பிரசங்கம் காதில் ஏறவில்லை.

ஜெயமணியக்காவை ஹால் சமையலறையில் பிடித்தேன். தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். மறைக்கவேயில்லை.

"ஆமா, சொல்லிக்குடுத்தேன். அதுக்கென்ன?"

"அது பரீட்சை இல்லக்கா. வியாதி இருக்கான்னு பாக்குறது."

"ஏற்கெனவே நம்மள மதராசிங்கான், குடிசைங்கான். இனி தமிழ்க் கிழவிகளுக்கு மூளையும் இல்லன்னு எழுதிட்டுப் போவான். என் பேரு ரெண்டுன்னு போயிட்டு. மத்தவங்க பேராவது நல்லா இருக்கட்டும்னு நினைச்சேன்."

"எஸ்தர் அக்காவுக்கு உடம்பு சரியில்ல. இதுல தெரியும்னு இருந்தேன்."

பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தினார். நான் இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னபிறகு சமையலறை மிகவும் சின்னதாகத் தெரிந்தது.

"வித்யாகிட்ட சொல்லப்போறேன்" என்றேன்.

"எல்லாரையும் காட்டிக்குடுக்கப் போற" என்றார். குரல் மெலிந்துதான் இருந்தது.


ஜூலை 15, செவ்வாய்

மூட்டு வலி. மின்சார பில் கட்டியாயிற்று.

வித்யாவை கேம்ப் கடைத்தெருவில் ஒரு சாயாக்கடையில் சந்தித்தேன். பாவ் ரொட்டியும் சாயாவும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பாட்டையே பாடிக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். முதலில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"வியாழக்கிழமை டேட்டா எல்லாம் வேஸ்ட் ஆன்ட்டி."

"தெரியும்."

"எதுக்கு இப்படி பண்ணாங்க? நான் தப்பா ஏதாவது சொன்னேனா?"

சொன்னேன். ரத்தம் எடுத்துப் போன கதை. "யாது" என்று கேட்கிற கேள்வி. "உங்கள மாதிரி" என்று அவள் சொன்னது எங்கள் காதில் எப்படி விழுந்தது என்பதும். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டாள். திரும்ப வந்து எல்லோரிடமும் பேசலாமா என்று கேட்டாள்.

"வா. ஆனா இந்தத் தடவ முடிவ வந்து சொல்லணும். வாயால, தமிழ்ல. பேப்பர் அனுப்பினா எங்க ஆளுங்க பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது."

"சொல்றேன் ஆன்ட்டி. நானே வந்து சொல்றேன்."

அக்கா பற்றி நான் தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். சாயா ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.


ஜூலை 17, வியாழன்

மாதர் ஐக்கியக் கூட்டம். வித்யா வந்தாள், புடவை கட்டி. யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், கொசுவம் ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தது.

யாரையும் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, தடுமாறித் தடுமாறி: "நீங்க மறந்தா அது தப்பு இல்ல. நீங்க எத மறக்கறீங்கன்னுதான் எனக்குத் தெரியணும். எல்லாம் சரியா சொல்லிட்டா, நெஜமா உடம்பு முடியாதவங்கள நான் பாக்காம விட்டுடுவேன்."

மின்விசிறி சத்தம். பிறகு ஜெயமணியக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். இந்த மனுஷி என்ன சண்டை போடப் போகிறதோ என்று நினைத்தேன்.

"எனக்கு ரெண்டுதான் வந்துச்சு. எல்லாரும் கேட்டுக்கோங்க. நாந்தான் பாட்டுச் சொல்லிக்குடுத்தேன். இவளுகள ஒண்ணும் சொல்லாத." வித்யா பக்கம் திரும்பி: "ஆனா அந்தக் கேள்வியெல்லாம் மாத்து. யாது எவைன்னு கேட்டா எங்க அம்மையே எந்திரிச்சு வந்தாலும் முழிப்பா."

சிரிப்பு. கேள்விகளை உட்கார்ந்து மாற்றினார்கள். "இப்ப மழைக்காலமா, வெயில் காலமா, என்ன காலம்?" ஆளாளுக்கு ஒன்று சொல்ல, வித்யா மராட்டி எழுத்தில் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் ஒவ்வொருவராக, தனி அறையில், வேறு சொற்களோடு என்று முடிவு.

புறப்படும்போது ஜெயமணியக்கா என் பையில் ஒரு டப்பா வைத்தார். முறுக்கு. வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் அக்கா கேட்டாள்: "உடம்பு முடியாதவங்கன்னு அந்தப் பிள்ள யாரச் சொல்லுது?"

"பொதுவாச் சொன்னா" என்றேன்.


ஜூலை 20, ஞாயிறு

ஆலயம். மீன் குழம்பு. இரவு அக்கா தூங்கினாளா தெரியவில்லை, நான் தூங்கவில்லை. எழுத ஒன்றும் இல்லை.


ஜூலை 22, செவ்வாய்

அடை மழை. ஆட்டோக்காரன் இரட்டிப்பாகக் கேட்டான், கொடுத்தேன்.

ஆலயத்துப் பின்னறை, கதவு சாத்தி. அக்கா முதலில் தனியாக. வெளியே வரும்போது சிரிப்பில்லை. "ஒண்ணுதான் வந்துச்சு. கண்ணாடி" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் என்னை அழைத்தாள் வித்யா. கூடவே வாழ்கிறவரிடம் கேட்கும் கேள்விகள் சில உண்டாம். அக்கா வெளியே உட்காரலாம் என்றாள். அக்கா என் பின்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். "என்னப் பத்தித்தான பேசப் போறீங்க? நான் இங்கனயே இருக்கேன்."

வித்யா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

"தெரிஞ்சவங்க பேர மறக்கறாங்களா?"

"எப்பவாவது. எல்லாருக்கும் உள்ளதுதான்."

"அடுப்பு, கேஸ், அணைக்க மறந்ததுண்டா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"தெரிஞ்ச இடத்துல வழி தப்பிப் போறாங்களா?"

"இல்ல."

பாட்டைக் காட்டிக்கொடுக்கத் தைரியம் வந்தவள் நான். சபை முழுக்க என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை என்று நின்றவள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கேள்விக்கு உண்மை சொல்ல முடியவில்லை. ஒருவரை வைத்துக்கொண்டு அவருடைய குறையை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உள்ளதச் சொல்லு."

நான் கைப்பையின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"வார்டுலயும் இப்படித்தான்மா" என்றாள் வித்யாவிடம். "கூட வாரவங்க மறைப்பாங்க. வலியில்ல, காய்ச்சல் இல்லம்பாங்க. நாங்க தப்பான மருந்தக் குடுப்போம்." பிறகு அவளே சொன்னாள், நர்ஸ் டாக்டரிடம் ரிப்போர்ட் சொல்கிற குரலில். அடுப்பை அணைக்க மறக்கிறேன். பஸ் ஸ்டாப்பில் வழி தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன். "இவளுக்குத் தெரியாதது ஒண்ணு. ராத்திரி முழிப்பு வந்தா, அவங்க ஏன் பக்கத்துல இல்லன்னு தேடுதேன். டூட்டிக்குப் போயிருப்பாங்கன்னு படுத்துக்கிடுதேன். விடிஞ்சப்புறந்தான் அவங்க செத்துட்டாங்கங்கது ஞாபகம் வருது."

சில இரவுகளில் அவள் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறேன். பாத்ரூமுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

வித்யா எழுதுவதை நிறுத்திவிட்டாள். பிறகு மெதுவாக, பெரிய டாக்டரிடம் போக ஏற்பாடு செய்கிறேன் என்றாள். ஆராய்ச்சியில் தொடர விருப்பமா என்றும் கேட்டாள். வருஷா வருஷம் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். இன்னொன்றையும் இப்போதே கேட்டுவைக்க வேண்டுமாம். "பின்னால... உங்களால பதில் சொல்ல முடியாமப் போனா, அப்பவும் நாங்க வரலாமா?"

நான் வேண்டாம் என்று சொல்லப் போனேன். அக்கா கையை உயர்த்திவிட்டாள்.

"வாங்க. உங்களத் தெரியலன்னாலும் வாங்க. இவளயே தெரியலன்னாலும் வாங்க. எங்கள மாதிரி ஆளு ஒண்ணுகூட உங்ககிட்ட இல்லன்னியே." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நான் அழுதா எழுதுறத நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிரணும். என்ன?"

"கண்டிப்பா ஆன்ட்டி."

"எழுதிக்கோ."

எழுதினாள். அக்கா கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயர், நடுங்காமல்.


ஜூலை 23, புதன்

தூறல். பால் வரவில்லை. கருப்பு காபி.

அக்கா நேரம் கழித்து எழுந்தாள். தலை வாரிக்கொண்டே கேட்டாள்: "நேத்து நாம எங்கட்டி போனோம்? அந்தப் பிள்ளகிட்ட நான் என்னமோ சொன்னேன்லா?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் போய்விட்டது. பிறகு அவளை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். நான் சொன்ன பொய்கள், அவள் சொன்ன அடுப்பு, பஸ் ஸ்டாப், ராத்திரி அத்தானைத் தேடுவது. வருஷா வருஷம் வருவார்கள் என்பது. அவள் யாரையும் அடையாளம் தெரியாமல் போனாலும் வருவார்கள், அவள் அழுதால் எழுந்து போய்விடுவார்கள் என்பது. எதையும் விடவில்லை.

சீப்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோல.

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றாள்.